கோர்ட்டில் ஜெயித்த ராணி

சிவகங்கை ராணி யாருன்னு எங்க ஈரோட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் வேலு நாச்சியார்னுதான் சொல்லுவாங்க. தப்பில்லை. புருஷனைக் கொன்று பறித்த சீமையை 1780-இல் மீட்டவர் ஆச்சே. ஆனால் அதே சிவகங்கையில் இன்னொரு ராணியும் இருந்தார். அவர் வாள் எடுக்கவில்லை, வக்கீல் வைத்தார். பேர் காத்தம நாச்சியார்.

கதை 1801-இல் தொடங்குது. மருது சகோதரர்களை ஒழிக்க நினைத்த கும்பெனி, அவர்களுக்குப் போட்டியாக கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவருக்குப் பட்டம் கட்டியது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதுகளைத் தூக்கில் போட்டாங்க. (நம்ம தீரன் சின்னமலைக்கு 1805-இல் சங்ககிரியில் அதே கதி.) கௌரி வல்லபர் ஜமீன்தார் ஆனார்.

1829-இல் அவர் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. மனைவிகளும் மகள்களும் மட்டும்தான். பட்டம் அண்ணன் வழிக்குப் போச்சு. கூட்டுக்குடும்பமாம், அதனால் பொம்பளைகளுக்குப் பாத்தியதை இல்லையாம்! மனைவியரில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் கேஸ் போட்டுத் தோத்துட்டார். அவருக்குப் பிறகு மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. இங்கே தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்.

வாதம் இதுதான்: குடும்பம் கூட்டாகவே இருக்கட்டும். இந்த ஜமீன் பரம்பரைச் சொத்தா? அப்பாவுக்குன்னு தனியா கொடுத்ததுதானே? அப்போ அது சுயார்ஜிதம். சுயார்ஜிதம்னா மகன் இல்லாதவருக்கு மனைவி, அவருக்கு அப்புறம் மகள்.

1863-இல் தீர்ப்பு காத்தம நாச்சியார் பக்கம் வந்தது. அப்பா செத்து 34 வருஷம் கழிச்சு! மருதுகளைத் தீர்க்கக் கும்பெனி கொடுத்த அதே சாசனம்தான் மகளுக்கு ஆதாரம். இது எனக்கு இன்னிக்கும் கொஞ்சம் உறுத்துது. ஆனா அவரைக் குத்தம் சொல்ல மனசு வரலை, கையில் இருந்த காகிதம் அது ஒண்ணுதான்.

அடுத்த வருஷமே, 1864-இல், ஆப்பிரிக்காவில் யொருபா மக்களின் அபேகுட்டா நகரில் டினுபு என்ற வியாபாரிப் பெண்ணுக்கு 'இயாலோடே' பட்டம் கொடுத்தாங்க. பெண்களின் தலைவி என்று அர்த்தம். அங்கே அது பெண்ணுக்கென்றே இருந்த பதவி. இங்கே அப்பா பட்டத்துக்கே கடல் கடந்து வழக்காட வேண்டியிருந்தது.

காத்தம நாச்சியார் 1877 வரை ஜமீனை ஆண்டார். சுயார்ஜிதம், கூட்டுக்குடும்பம் என்று வந்தால் 'சிவகங்கை கேஸ்' என்று வக்கீல்கள் இதைத்தான் இழுப்பாங்க.

எங்க அத்தை ஞாபகம் வருது. அப்பாரு சுயமா சம்பாதிச்ச மஞ்சத் தோட்டம் நாலு ஏக்கர். 1956 சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு உண்டு. "பொறந்த வீடு வேணுமில்லீங்களா"ன்னு சொல்லிட்டு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்னு பார்த்தேன். அவர் விரல் மையைத் துடைக்கறதுக்குள்ள அண்ணன் தம்பிகளுக்கு டீ வந்துருச்சு.