எலும்புத் துண்டிலிருந்து ரோபோ வரை

திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர் ஒருத்தருக்கு எக்ஸ்ரேயில் நுரையீரல் ஓரமா ஒரு பொட்டு தெரிஞ்சா, முதல்ல டி.பி.யைத்தான் நினைப்பாங்க. கல்தூசித் தழும்பாவும் இருக்கலாம், புற்றாவும் இருக்கலாம். டி.பி. மாத்திரை ஆறு மாசம். புற்றா இருந்தா அந்த ஆறு மாசமும் போச்சு. சதையைக் கிள்ளிப் பார்த்தாதான் தெரியும்.

1897-ல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை நேர்க்குழாய் விட்டு எடுத்தார். வளைந்து கொடுக்கும் குழாய் 1960-களில் ஜப்பானின் ஷிகேத்தோ இகேதாவால் வந்தது. அதுவும் ஓரத்துச் சின்னக் கிளைகளுக்குள் போகாது, தடிமன் அப்படி.

2018-ல் மோனார்க், 2019-ல் அயான் என்ற ரோபோக்களுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அயான் குழாய் 3.5 மி.மீ.தான். சி.டி. படத்தை வரைபடமா வச்சு உள்ளே போகும், கிள்ளுற நேரத்துல அசையாம நிற்கும். என் கணக்கில் பெரிய விஷயம் இந்த அசையாமைதான். ரோபோன்னு பேரே தவிர, உருட்டுப் பந்தும் சக்கரமும் வச்சு ஓட்டுறது டாக்டர்தான்.