தூண்டிலில் சிக்கிய மீனுக்கும் கணக்கு

1866-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹியூம் சகோதரர்களும் ஆண்ட்ரூ ஹாப்குட்டும் சால்மன் மீனை டின்னில் அடைக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். 20 ஆண்டுகளுக்குள் அந்த ஆற்றங்கரை முழுக்க ஆலைகள் முளைத்தன. 1883-இல் மட்டும் கொலம்பியாவில் பிடிபட்ட சினூக் சால்மன் ஏறத்தாழ 4 கோடியே 30 லட்சம் பவுண்டு. இவ்வளவு துல்லியமாக இன்று சொல்ல முடிவதற்குக் காரணம் வியாபாரம். பெட்டிக்கு 48 டின், டின்னுக்கு ஒரு பவுண்டு என்று ஆலைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். விற்ற மீனுக்கு ரசீது இருந்தது.

அதே ஆற்றில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டவர் பிடித்த மீனுக்கு ரசீது ஏது? அது நேராக வீட்டு அடுப்புக்குப் போயிற்று. ஒருவர் இரண்டு மீன் கொண்டுபோனால் ஆற்றுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் ஊர்கள் பெருகின, சாலைகள் வந்தன, படகுக்கு மோட்டார் வந்தது. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்கள் லட்சக்கணக்கில் பெருகியபோது, அவர்கள் எடுத்துப்போகும் மீனை யார் எண்ணுவது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. மழையிலும் குளிரிலும் படகுத்துறையில் நின்று, கரையேறும் ஒவ்வொருவரிடமும் என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதும் மீன்வள உயிரியலாளரின் தொழில் அது.

எண்ண வேண்டிய மீன்கள் சாதாரணமானவை அல்ல. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிடும். பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டதோடு இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் சற்று வேறு. முட்டையிட்ட பிறகு அதில் ஒரு பகுதி மீண்டும் கடலுக்குப் போகும். மறுபடி திரும்பியும் வரும். ஸ்டீல்ஹெட் உண்மையில் ரெயின்போ டிரவுட் இனம்தான். கடலுக்குப் போகாமல் ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட், கடலுக்குப் போய் வந்தால் ஸ்டீல்ஹெட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசின் மீன் நிபுணர் எச்.சி.வில்சன் நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, மேட்டுநில ஓடைகளில் விட்டு வளர்த்ததும் இந்த ரெயின்போ டிரவுட்டைத்தான். ஊட்டிப் பக்கத்து ஓடையில் துள்ளும் மீனுக்கும் வாஷிங்டன் ஆறுகளில் குளிர்காலத்தில் ஏறிவரும் பத்து பவுண்டு ஸ்டீல்ஹெட்டுக்கும் அறிவியல் பெயர் ஒன்றே.

மீனைப் பார்த்தே அதன் வாழ்க்கையைப் படிக்கும் வித்தையும் அந்தக் காலத்தில்தான் கைவந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹென்றி கில்பர்ட், மரத்தின் வளையங்களைப் போல சால்மனின் செதிலிலும் வளையங்கள் இருப்பதை வைத்து அதன் வயதைக் கணக்கிடலாம் என்று 1913-இல் விரிவாக எழுதினார். எத்தனை ஆண்டு ஆற்றில், எத்தனை ஆண்டு கடலில் என்பதைக்கூட ஒரு செதில் சொல்லிவிடும். இன்றும் படகுத்துறையில் நிற்பவர் பையில் ஒரு சிறு இடுக்கியும் செதில் ஒட்டும் அட்டையும் இருக்கும்.

மீன் குறையக் குறைய, யாருக்கு எவ்வளவு என்ற சண்டை முற்றியது. 1934-இல் வாஷிங்டன் மாநில மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஆற்று வாயிலும் கடலோரத்திலும் நிலையாகக் கட்டிவைக்கும் மீன் பொறிகளைத் தடை செய்தார்கள். தூண்டில்காரர் சங்கங்கள் இதற்கு முன்னின்று வேலை செய்தன. ஸ்டீல்ஹெட்டை வணிக மீன் அல்ல, விளையாட்டு மீன் என்று சட்டம் தனியாக ஒதுக்கியது. சால்மனுக்கு ஒரு துறை, ஸ்டீல்ஹெட்டுக்கு இன்னொரு துறை என்று ஒரே ஆற்றின் மீனை இரண்டு அலுவலகங்கள் பார்த்துக்கொண்டன. அவை ஒன்றாக இணைந்தது 1994-இல்தான்.

தூண்டில் மீனை எண்ணும் முதல் பெரிய முயற்சி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அட்டை. உரிமத்தோடு ஒரு அட்டையும் கொடுப்பார்கள். ஸ்டீல்ஹெட் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டால் உடனே அட்டையில் துளை போட்டு, எந்த ஆறு, என்ன தேதி என்று எழுத வேண்டும். பருவம் முடிந்ததும் அட்டையைத் துறைக்கு அனுப்ப வேண்டும். வாஷிங்டனில் தொடங்கிய இந்த முறை 1950-களில் ஆரிகனுக்கும் போனது. பிறகு சால்மனுக்கும் விரிந்தது.

அட்டை மலிவான வழி. ஆனால் அதில் ஒரு கோணல் இருந்தது. நிறைய மீன் பிடித்தவர் பெருமையோடு அட்டையை அனுப்பினார். ஒன்றும் கிடைக்காதவர் அட்டையைத் தூக்கிப் போட்டார். வந்த அட்டைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், மாநிலமே மீன் பிடித்துக் குவித்தது போலத் தெரியும். அனுப்பாதவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு, அதற்கேற்பக் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் காலம். அட்டை வந்து, எண்ணி, கணக்கு முடிவதற்குள் அடுத்த பருவமே வந்துவிடும். இந்த வாரம் ஆற்றை மூடுவதா வேண்டாமா என்பதை அட்டை சொல்லாது. அதற்கு ஆள் நேரில் போய் நிற்க வேண்டும்.

அப்படி நிற்பவரின் ஒரு நாள் இப்படிப் போகும். விடியும் முன் படகுத்துறைக்கு வந்து, நிறுத்தியிருக்கும் வண்டிகளையும் படகு இழுத்துவந்த டிரெய்லர்களையும் எண்ணுவார். படகு கரை சேர்ந்ததும் பக்கத்தில் போவார். எத்தனை பேர் தூண்டில் போட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எதற்காகப் போட்டீர்கள், எத்தனை வைத்துக்கொண்டீர்கள், எத்தனை திரும்ப விட்டீர்கள் என்பவை அவருடைய கேள்விகள். மீன் இருந்தால் மூக்கிலிருந்து வால் பிளவு வரை அளப்பார், செதில் எடுப்பார், முதுகின் பின்பகுதியில் வாலுக்கு முன்னால் இருக்கும் சிறு சதைத் துடுப்பு இருக்கிறதா, வெட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.

கணக்கு இரண்டு எண்களில் அடங்கும். உதாரணத்துக்கு, அன்று விசாரித்த 40 பேர் சேர்ந்து 200 மணி நேரம் தூண்டில் போட்டு 10 மீன் பிடித்தார்கள் என்றால், 20 மணி நேரத்துக்கு ஒரு மீன். படகுகளையும் ஆட்களையும் எண்ணிப் பார்த்ததில் அன்று அந்த ஆற்றுப்பகுதி முழுக்க 3,000 மணி நேரம் தூண்டில் விழுந்திருக்கிறது என்றால், பிடிபட்டது ஏறக்குறைய 150 மீன். கேட்க எளிது. ஆனால் எந்த நாளில் போவது, எந்தப் படகுத்துறையில் நிற்பது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். மீன் நன்றாகச் சிக்கும் நாளாகப் பார்த்துப் போனால் கணக்கே பொய்யாகிவிடும். அதனால்தான் ஒருவருமே மீன் பிடிக்காத நாளில், கொட்டும் மழையில், ‘பூஜ்யம்’ என்று எழுதுவதற்காகவும் அவர் அங்கே நிற்கிறார். அந்தப் பூஜ்யத்துக்கும் மற்ற எண்களுக்குள்ள அதே மதிப்பு உண்டு.

1960-களில் இந்த வேலைக்கு ஒரு புதிய கருவி கிடைத்தது. இயற்பியலாளர் கீத் ஜெஃபர்ட்ஸும் வாஷிங்டன் மீன்வளத் துறையின் உயிரியலாளர் பீட்டர் பெர்க்மனும் தங்கள் கூட்டாளியுடன் சேர்ந்து, குறியீடு பொறித்த கம்பித் துண்டை மீனின் மூக்குக்குள் பதிக்கும் முறையை 1963-இல் அறிவித்தார்கள். கம்பியின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். தடிமன் கால் மில்லிமீட்டர். பொரிப்பகத்தில் விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போதே அதைக் குத்திவிடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அலாஸ்கா கடலில் அந்த மீன் பிடிபட்டாலும், மூக்கை அறுத்து எடுத்து நுண்ணோக்கியில் கம்பியைப் படித்தால், எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு விட்ட குஞ்சு என்று தெரிந்துவிடும். 1985-இல் அமெரிக்காவும் கனடாவும் பசிபிக் சால்மன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, யாருடைய மீனை யார் பிடிக்கிறார்கள் என்ற வழக்குக்கு முக்கியச் சாட்சியாக நின்றது இந்தக் கம்பி. படகுத்துறையில் மீனின் தலையைக் கேட்டு வாங்கிச் சீட்டுக் கட்டி வைக்கும் வேலை, இரண்டு நாடுகளின் பேச்சுவார்த்தைக்குச் சான்று சேர்க்கும் வேலையாயிற்று.

அதற்கு முன்பே நீதிமன்றம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டியிருந்தது. 1850-களில் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் காத்துக்கொண்டார்கள். நெடுங்காலம் மாநில அரசு அதை மதிக்கவில்லை. நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதன்முதலில் கைதானபோது அவருக்கு வயது 14. பிறகு ஐம்பது முறைக்கு மேல் கைதானார். ஸ்டீல்ஹெட்டுக்கு வலை போடக் கூடாது என்ற மாநிலச் சட்டம், அந்த மீன் முழுவதையும் தூண்டில்காரர்களுக்கே எழுதி வைப்பதாகும் என்று 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பு எழுதினார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பழங்குடியினருக்கு உரியது. 1979-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பாதி என்றால் எதில் பாதி? மொத்தம் தெரியாமல் பாதி பிரிக்க முடியாது. தூண்டில்காரர் பிடிக்கும் மீனின் எண்ணிக்கை அதுவரை ஒரு துறையின் உள்விவகாரம்; அன்று முதல் அது பங்காளியிடம் காட்ட வேண்டிய கணக்கு. பழங்குடி அரசுகள் தங்கள் சொந்த உயிரியலாளர்களை நியமித்தன. இன்று ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் மாநிலமும் பழங்குடி அரசுகளும் உட்கார்ந்து அந்த ஆண்டின் பருவங்களை முடிவு செய்யும்போது, இரு தரப்பின் மேசையிலும் படகுத்துறைக் கணக்கு இருக்கிறது.

அடுத்த திருப்பம் 1990-களில். 1991-இல் ஸ்னேக் ஆற்றின் சாக்ஐ சால்மன் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1999-இல் வாஷிங்டனின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியைச் சேர்ந்த சினூக், 2007-இல் அதே பகுதியின் ஸ்டீல்ஹெட் ஆகியவையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. பொரிப்பக மீனைப் பிடிக்கலாம், ஆற்றிலேயே பிறந்த காட்டு மீனை விட்டுவிட வேண்டும் என்று விதி வந்தது. எப்படிப் பிரித்தறிவது? பொரிப்பகக் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சதைத் துடுப்பை வெட்டிவிட்டார்கள். துடுப்பு இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். இருந்தால், தண்ணீரை விட்டு முழுதாக வெளியே தூக்காமல் விட்டுவிட வேண்டும்.

மீனுக்கு இது நல்லது. எண்ணுபவருக்கோ வேலை பல மடங்கு கடினமாயிற்று. முன்பெல்லாம் துடுப்பு இல்லையென்றால் உள்ளே கம்பி இருக்கிறது என்று பொருள். இப்போது கம்பி இல்லாத மீனுக்கும் துடுப்பு இல்லை. அதனால் மீனின் தலைமேல் மின்னணுக் கருவியை நகர்த்தி, ஒலி வருகிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. அதைவிட, இப்போது எண்ண வேண்டிய முக்கியமான மீன் கரைக்கு வருவதே இல்லை. விட்டுவிட்ட காட்டு மீன் தண்ணீருக்குள் போய்விட்டது. மிஞ்சியிருப்பது தூண்டில்காரரின் வாய்ச்சொல். விட்ட மீனிலும் ஒரு பகுதி காயத்தால் சாகும் என்பதால், அந்தச் சொல்லில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் அழியும் இனத்தின் கணக்கு மாறும். இதைச் சரிபார்க்கவே பியூஜெட் சவுண்டில் துறையின் ஆட்கள் தாங்களே படகேறித் தூண்டில் போட்டு, நூறு மீனில் எத்தனைக்குத் துடுப்பு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எண்ணுபவர்கள் அடைந்த இடம் எது என்பதை வாஷிங்டனின் ஸ்காஜிட் ஆறு காட்டுகிறது. ஸ்டீல்ஹெட்டுக்குப் பேர்போன அந்த ஆற்றின் வசந்த காலத் தூண்டில் பருவம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு அதைத் திறக்க அனுமதித்தது. பிடித்த காட்டு மீனை விட்டுவிட வேண்டும், தீவிரமான கண்காணிப்பும் நடக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. கரையில் எண்ணுவதற்கு ஆள் இல்லையென்றால் தூண்டிலுக்கும் இடமில்லை. பசிபிக் கரையோர ஆறுகளில் காட்டு ஸ்டீல்ஹெட் வரத்து சரிந்தபோது, 2020 டிசம்பரில் அங்கே படகில் இருந்தபடி தூண்டில் போடுவதே தடை செய்யப்பட்டது. காட்டு மீன் தூண்டிலில் சிக்குவதைக் குறைப்பது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு கொலம்பியாவிலும் ஸ்டீல்ஹெட் வரத்து மிக மோசமாகி, பல பகுதிகளில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை வந்தது.

இவ்வளவு முடிவுகள் தங்கியிருக்கும் வேலையில் பெரும் பங்கைச் செய்பவர்கள் பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் பணியாளர்கள். கரையில் ஆள் குறைந்தால் கணக்கில் நிச்சயமின்மை கூடுகிறது. நிச்சயமின்மை கூடினால் துறை எச்சரிக்கையாக ஆற்றை மூடுகிறது. ஆறு திறந்திருக்க வேண்டும் என்று விரும்பும் தூண்டில்காரர், மாநில அவையில் முதலில் கேட்க வேண்டியது கரையில் நிற்பவரின் சம்பளத்தைத்தான்.

வாஷிங்டனின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு பெரிய அணைகளை இடித்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் மலைக்குள் ஏறத் தொடங்கின. அணை இடிப்போடு மீன்பிடிப்பும் நிறுத்தப்பட்டது; ஆனால் எண்ணுவது நிற்கவில்லை. கலங்கிய நீரிலும் மீனைக் காட்டும் ஒலியலைக் கருவிகளை ஆற்றில் வைத்து, ஏறிப் போகும் மீன்களைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கின் பலத்தில் 2023 அக்டோபரில் கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர் கோஹோ சால்மனைக் குறைந்த அளவில் சடங்குக்காகவும் உணவுக்காகவும் பிடித்தார்கள். பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு அப்போதும் அனுமதி கிடைக்கவில்லை. அந்த அனுமதி என்றைக்கு, எந்த இனத்துக்கு, எத்தனை மீனுக்கு என்பதையும் ஆற்றில் ஏறும் மீனின் எண்ணிக்கையை வைத்தே தீர்மானிப்பார்கள்.