தெருநாய்க்குட்டிக்கு ஐநூறு ரூபாயா? ஒரு எட்டணா கதை

எங்க தென்னூர் தெருவுல ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாய் அஞ்சு குட்டி போட்டுச்சு. அம்மா தெருநாய். அப்பா யாருன்னு குட்டிங்க காதைப் பார்த்தாலே தெரியும், மூணாவது வீட்டு லேப்ரடார். கிளினிக்ல என்னோட வேலை பார்க்குற நர்ஸ் அக்கா குட்டிங்களைப் படம் எடுத்து, "நல்ல வீடு வேணும், குட்டிக்கு 500 ரூபாய்"னு ஸ்டேட்டஸ் போட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே எனக்குப் பஞ்சாயத்து வந்துடுச்சு. "தெருநாய்க்குட்டிக்குக் காசா? நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா டாக்டர்?"

சொல்றேன். ஆனா அதுக்கு 1832-க்குப் போகணும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

அப்போ பம்பாய்ல கம்பெனி ஆட்சி. தெருநாய்களைக் கொல்றதுக்கு வருஷத்துல சில வாரங்களை ஒதுக்கி, கொன்ற ஒவ்வொரு நாய்க்கும் எட்டணா கூலி கொடுத்தாங்க. அந்தக் காலத்து எட்டணா சின்னக் காசு இல்லை. காசு வந்ததும் என்ன நடக்கும்? பிடிக்கிறவன் தெருவுல ஓடுற நாயை விட்டுட்டு வீட்டு வாசல்ல படுத்திருக்குற நாய் மேல கை வெச்சான். பார்சி மக்களுக்கு நாய் புனிதமான உயிர். இறந்தவர் உடலை நாயைப் பார்க்க வைக்கிற சடங்கே அவங்ககிட்ட உண்டு. ஜூன் 6-ம் தேதி, அவங்களோட புனித நாள்ல, பொறுமை போயிடுச்சு. கலவரம். கடைகளை அடைச்சாங்க, கோட்டையில இருந்த சிப்பாய்களுக்குப் போற சாப்பாட்டையும் தண்ணியையும் தடுத்தாங்க. கடைசியில பட்டாளம் வந்துதான் அடங்குச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, நம்ம நாட்டுல தெருநாய்க்கு அரசாங்கம் விலை வெச்சது அதோட உயிரை எடுக்கத்தான்.

மெட்ராஸ் கதையும் அதேதான். மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே நாய் பிடிச்சுக் கொல்ல ஆரம்பிச்சு, நூறு வருஷத்துக்கு மேல விடாம செஞ்சுது. 1959-ல கேப்டன் வி. சுந்தரம் குடும்பம் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினாங்க. "கொன்னா குறையாது, கருத்தடை செஞ்சு விடுங்க"ன்னு 1964-லயே சொன்னாங்க. யார் கேட்டா? கொன்ற நாய்கள் அவ்வளவு குவிஞ்சதால, அந்தத் தோல்ல டையும் மணிபர்ஸும் செய்ய அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் முயற்சி பண்ணின கதையை ப்ளூ கிராஸ்காரங்க எழுதியிருக்காங்க. படிச்சப்ப எனக்குத் தூக்கம் வரலை. 1996-ல, ஒரு நாளைக்கு 135 நாய் வரைக்கும் செத்துக்கிட்டிருந்த நிலைமையிலதான் மாநகராட்சி கருத்தடைக்கு மாறுச்சு.

அதுக்குப் பல வருஷம் முன்னாடியே, 1980-களின் தொடக்கத்துல, அதே ஊர் சைதாப்பேட்டையில ராஜபாளையம் மாதிரி நாட்டு இனங்களை வளர்க்க அரசே ஒரு பண்ணை தொடங்கியிருந்துச்சு. ராஜபாளையத்துக்கு 2005-ல தபால்தலையே வந்தாச்சு. இனம் தெரிஞ்சா விலை, தெரியாட்டி சாவு. நடுவுல நிக்கிறது இந்தக் கலப்புக் குட்டிங்கதான்.

சரி, மருத்துவர் வேஷத்துக்கு வரேன்.

நாய்களை அப்படிக் கொன்னதுக்குப் பின்னாடி ஒரு நிஜமான பயம் இருந்துச்சு. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்கிறது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இன்னிக்கும் அப்படித்தான். 1885 ஜூலை 6-ம் தேதி பாஸ்டர் 9 வயசுப் பையனுக்கு ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் கடிபட்டவங்களுக்கு ஒரு வழி பிறந்துச்சு. நம்ம பக்கம் அது வர 1907 ஆச்சு, குன்னூர் பாஸ்டர் நிலையம். 1902-ல அங்க ஒரு இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால இறந்ததுதான் அதுக்குத் தூண்டுகோல். தொப்புளைச் சுத்திப் போட்ட ஊசி ஞாபகம் இருக்கா? ஆட்டு மூளையில இருந்து தயாரிச்ச மருந்து அது. 2000-களின் நடுவுல வரைக்கும் நம்ம நாட்டுல புழக்கத்துல இருந்துச்சு.

இப்போ நல்ல மருந்து இருக்கு. ஆனாலும் போன வருஷம் ஒரு பையனை அவன் அம்மா காய்ச்சலுக்காகக் கூட்டிட்டு வந்தாங்க. கையில பல் தடம். "குட்டிதான் டாக்டர், விளையாடுறப்போ பட்டுச்சு." அது யாரோ சும்மா கொடுத்த குட்டி, தடுப்பூசி இல்லை. கடிச்ச ரெண்டாம் நாளே குட்டி காணாம போச்சு. காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்தான். ஊசி எல்லாம் முழுசா போட்டோம், பையன் நல்லா இருக்கான். ஆனா அந்தம்மா பல நாள் தூங்கலை. குட்டி கடிச்சாலும் கடிதான், சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி ஊசி போடணும்.

இப்போ 500 ரூபாய்க்கு வரேன். "இலவசமா கொடுத்தா மதிக்க மாட்டாங்க, அதனால காசு வாங்கணும்"னு நிறைய பேர் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். 2009-ல அமெரிக்காவுல பூனைகளைத் தத்தெடுத்தவங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. காசு கொடுத்து எடுத்தவங்களுக்கும் சும்மா எடுத்தவங்களுக்கும் பாசத்துல வித்தியாசம் இல்லை. அதனால கட்டணத்தை அன்புக்கு வெக்கிற பரீட்சையா நினைக்காதீங்க. ஏழைங்களுக்குப் பாசம் கம்மின்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

அப்புறம் எதுக்குக் காசு? ஊசிக்கு. குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி, மூணு மாசம் ஆனதும் போடுற ரேபிஸ் ஊசி எல்லாம் சேர்த்து எங்க கணக்குல ஒரு குட்டிக்கு ஆயிரத்தைத் தொட்டுச்சு. அதுல பாதியைத்தான் அக்கா கேட்டாங்க. இந்தக் கணக்கைத் தாண்டி ஒரு ரூபாய் வாங்கினாலும் அது வியாபாரம். நாய் வளர்த்து விக்கிறவங்களுக்கு 2017-ல மத்திய அரசு விதி கொண்டு வந்தாச்சு: பதிவு பண்ணணும், 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. தெருக்குட்டியை வெச்சு லாபம் பார்க்கிறவங்களும் அந்தப் பக்கம்தான் நிக்கிறாங்க.

இன்னொரு யோசனை என்னோடது. எடுக்கிறவங்ககிட்ட தனியா ஆயிரம் ரூபாய் முன்பணம். ஆறேழு மாசத்துல கருத்தடை செஞ்ச சீட்டைக் காட்டினா திருப்பிக் கொடுத்துடலாம். தெருநாய் வழக்குல 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் தத்தெடுக்க வழிவிட்டப்ப, எடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வரக்கூடாதுன்னும் சொல்லியிருக்கு. குட்டி போட்டதும் மொத்தமா கொண்டு போய் சந்தைக்கிட்ட விடுறதும் தெருவுல விடுறதுதான்.

நாலு குட்டி போயாச்சு. மூணு பேர் மறுபேச்சு பேசாம பணம் கொடுத்தாங்க. நாலாவதா வந்தவங்க சந்தைக்கிட்ட பூ கட்டுற அம்மா. 500 இல்லை. "ஊசி போடுற தேதியைச் சொல்லுங்க, தவறாம தூக்கிட்டு வரேன்"னாங்க. எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு. பிறந்த பிள்ளை தங்காத வீட்டுல, அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்குவாங்களாம். "தவிட்டுக்கு வாங்கின பிள்ளை"ன்னு கேலி பண்ணுவாங்களே, அது. அக்கா அந்தம்மாகிட்ட ஒரு முழம் மல்லி வாங்கிக்கிட்டாங்க, கணக்கு முடிஞ்சுது. முன்பணம் கேட்கலை, ஊசிச் செலவு என் பாக்கெட்ல.

அந்தக் குட்டிக்கு வர்ற வியாழக்கிழமை ரேபிஸ் ஊசி. அஞ்சாவது குட்டி இன்னும் கிளினிக் வாசல்லதான் இருக்கு. காது ரெண்டும் தொங்கும், வால் மட்டும் தெருநாய் வால். 500 ரூபாயும் முன்பணமும் எடுத்துட்டு வாங்க. பணம் இல்லாட்டி ஊசித் தேதியை எழுதி வெச்சுக்க ஒரு பேனா எடுத்துட்டு வாங்க.