ஒளிவரம்புப் பலபடிகள்

சாதாரண வெளிச்சத்தைத் தாராளமாக விட்டு, கடும் லேசர் ஒளி விழும்போது மட்டும் தாமாகவே இருண்டுகொள்ளும் பலபடிப் பொருள்கள். கண்ணையும் ஒளியுணர் கருவிகளையும் காப்பதற்காக ஆராயப்படுகின்றன.

இமை மூடக் கால் நொடி ஆகும். லேசர் துடிப்போ சில நானோநொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் விழி அவ்வொளியை விழித்திரையில் குவித்து, அதன் செறிவை ஏறத்தாழ 1,00,000 மடங்கு உயர்த்திவிடும். ஆய்வகப் பாதுகாப்புக் கண்ணாடிகள் முன்பே தெரிந்த அலைநீளத்தை மட்டுமே தடுக்கும். எந்த நிறத்தில் வரும் என்று தெரியாத லேசருக்காக எல்லா நிறத்தையும் தடுத்தால் பார்வையே மறைந்துபோகும். வெயிலில் கருக்கும் மூக்குக்கண்ணாடிக்கோ பல நொடிகள் வேண்டும். சட்டமும் முழுக் காப்பு தரவில்லை. கண்ணைக் குருடாக்கவென்றே செய்யும் லேசர் ஆயுதங்களை 1995 வியன்னா நெறிமுறை தடை செய்தது. தூரம் அளக்கவும் இலக்கைக் குறிக்கவும் உதவும் இராணுவ லேசர்கள் அத்தடைக்குள் வரவில்லை. அவையும் கண்ணைப் பறிக்க வல்லவை.

சில மூலக்கூறுகள் இயல்பில் கொஞ்சம் ஒளியையே உட்கவரும். கிளர்வுற்றபின் முன்னைவிடப் பன்மடங்கு உட்கவரும். ஒளி மிகுந்தால் கிளர்ந்த மூலக்கூறுகளும் மிகும், பொருள் இருளும். தாக்க வரும் ஒளியே தடையை எழுப்பிவிடுவதால் மின்சாரமோ விசையோ தேவையில்லை. இம்முறையின் பேரழகு இதுதான். ஃபுல்லரீன் என்னும் கார்பன் மூலக்கூற்றுக் கரைசலின் இத்தன்மையை 1992இல் டட், காஸ்ட் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் கலிஃபோர்னியாவின் ஹியூஸ் ஆய்வகத்திலிருந்து அறிவித்தனர். 1960இல் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியதும் அதே ஆய்வகத்தில்தான். 1996இல் பெர்ரி என்பவரின் ஆய்வுக் குழுவினர் இண்டியம் அணு கொண்ட தாலோசயனின் சாயத்தை எடுத்துக்கொண்டனர். இண்டியம் போன்ற கன அணு, மூலக்கூற்றை மும்மை நிலை என்னும் நெடிது நிலைக்கும் கிளர்நிலைக்கு விரைந்து தள்ளும். சாயத்தின் அடர்த்தியை ஒளி செல்லும் வழிநெடுக மாற்றி அமைத்ததால், மெல்லிய ஒளியில் 70 விழுக்காட்டைக் கடத்திய அமைப்பு, 8 நானோநொடிப் பச்சைத் துடிப்பை 540 மடங்கு வரை குறைத்தது.

ஆனால் கரைசல் போன்ற திரவத்தை எடுத்துச் செல்வதும் அடைத்து வைப்பதும் தொல்லை. சாயத்தை அக்ரிலிக் போன்ற பலபடியில் கலந்தால் தகடாகவும் படலமாகவும் வார்க்கலாம். ஆனால் திரவத்தில் பழுதான இடத்தைப் புதுத் திரவம் வந்து நிரப்பும். பலபடியில் கருகிய புள்ளி கருகியதுதான். ஃபுல்லரீனும் டொலுயீன் கரைசலில் காட்டிய தடுப்பாற்றலை அக்ரிலிக்கில் அதே அளவுக்குக் காட்டவில்லை. கரைசலில் துணைநின்ற ஒளிச்சிதறல் திண்மத்தில் குறைந்துவிடுகிறது.

இவற்றைவிடப் பெரிய தடை, படலத்தை எங்கே வைப்பது என்பது. விழித்திரையைச் சுடப் போதுமான துடிப்பும் கண்ணுக்கு வெளியே பரவலாக இருக்கும்போது மிக மெலிந்தது. மூக்குக்கண்ணாடியாக மாட்டிய படலத்தை அது கிளர்த்தாது. ஆகவே, உள்ளே ஒளி ஒருமுறை குவியும் இருகண்நோக்கி, தொலைநோக்கிக் கருவிகளின் குவியத்தளத்தில்தான் இப்படலங்கள் பயன் தருகின்றன.