சூட்டுக்கோலும் தூரிகையும்

பறையடிப்பவரின் தாளத்தைக் கேட்டவுடன் "அது அவங்க ரத்தத்துலயே ஊறுனது" என்று சொல்லிவிடுகிறார்கள். அது புகழ்ச்சி அல்ல. ஆண்டுக்கணக்கான பயிற்சியை ஒரே சொல்லில் அழித்துவிடும் தந்திரம். இந்த அநீதியைக் கடல்தாண்டி அனுபவித்த ஓவியர் ஒருவரை இந்த நினைவுநாளில் நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

ஹொரேஸ் பிப்பின் 1888இல் அமெரிக்காவின் வெஸ்ட் செஸ்டரில் பிறந்த கறுப்பினத்தவர். ஓவியப் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. முதல் உலகப் போரில் கறுப்பர்களின் 369ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். சொந்த நாட்டின் வெள்ளைப் படைகளோடு சேர்க்காமல் அப்பிரிவைப் பிரெஞ்சுத் தளபதிகளிடம் ஒப்படைத்தார்கள். 1918இல் வலது தோளில் குண்டு பாய்ந்தது. வரையும் கை முடங்கியது.

ஊர் திரும்பியவருக்குச் சிறிய ஓய்வூதியமும், மனைவி துணி வெளுத்து ஈட்டிய கூலியுமே ஆதாரம். 1920களின் நடுவில், பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலை வலது கையில் பிடித்து, இடது கையால் பலகையை நகர்த்தி, மரத்தில் கோடுகளைச் சுட்டுப் பழகினார். கைக்கு வலு வந்தபின் எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். வலது மணிக்கட்டை இடது கை தாங்க, முதல் ஓவியமான 'போரின் முடிவு: வீடு திரும்பல்' உருவாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. பூச்சின்மேல் பூச்சாக வண்ணம் தடித்து நிற்கிறது. சட்டத்திலும் தலைக்கவசங்களையும் ஆயுதங்களையும் செதுக்கிவைத்தார்.

1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நான்கு ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. விமர்சகர்கள் பலர் 'பயிலாத, வெள்ளந்தியான கலைஞர்' என்றார்கள். ஆனால் அந்த முதல் ஓவியத்தின் அடர்ந்த இருளையும், 1943இல் வரைந்த 'டாமினோ ஆட்டக்காரர்கள்' ஓவியத்தின் எளிய சமையலறையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எதை விடுவது, சிவப்பை எங்கே வைப்பது என்று கை கற்றுக்கொண்டிருப்பது தெரியும். பள்ளியில் பயிலாததைப் பயிலாததாகவே எழுதிவிட்டார்கள்.

1946இல் பிப்பின் இறந்தார். அதே ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் போராட்டத்தையும் சேர்த்துப் படிக்க அன்றே வழி திறந்தது.

மாணவத் தோழர்களே, நம் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது பிறப்பை எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் எத்தனை ஆண்டு பழகினார்கள், எதைக்கொண்டு பழகினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். உழைப்பைப் பதிவு செய்வதும் நம் வரலாற்றுக் கடமைதான்.