பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி: போடணுமா, வேண்டாமா?

விஜயபுரம் பக்கம் பிரசவம் என்றால் நகரி, திருத்தணி, திருப்பதி, சென்னை என எங்கே வேண்டுமானாலும் அமையலாம். எங்கே பிறந்தாலும் குழந்தையின் தொடையில் ஒரு சின்ன ஊசி போட வேண்டும். அது தடுப்பூசி இல்லை, வைட்டமின் கே.

"பச்சப்புள்ளைக்கு எதுக்கு இப்பவே ஊசி?" என்று வீட்டில் கேட்பார்கள். ரத்தம் உறைய இந்த வைட்டமின் வேண்டும். கர்ப்பத்தில் குழந்தைக்கு இது மிகக் குறைவாகவே போய்ச் சேர்கிறது, தாய்ப்பாலிலும் கொஞ்சம்தான். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திடாதீங்க, அதில் கோளாறு எதுவும் இல்லை.

முதல் வாரத்தோடு கவலை முடிவதில்லை. ஆறு மாதம் வரைகூட திடீர் ரத்தக்கசிவு வரலாம். அரிதுதான். ஆனால் தாமதமாக வருவதில் ஏறக்குறைய பாதி மூளைக்குள் நடக்கிறது. ஊசி போடாத குழந்தைக்கு இந்தத் தாமத ரத்தக்கசிவின் ஆபத்து 81 மடங்கு என்கிறது அமெரிக்காவின் சிடிசி.

"புற்றுநோய் வருமாமே?" 1992-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு கிளப்பிய சந்தேகம் அது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி எல்லாக் குழந்தைக்கும் 1 மில்லிகிராம்; எடை ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் 0.5. ஊசி வலிக்கும், அந்த இடம் லேசாக வீங்கலாம். அதுக்காக வேண்டாம்னு சொல்வது சரியான கணக்கில்லை. சொட்டு மருந்து என்றால் பல தடவை கொடுக்கணும். பலனும் ஊசி அளவுக்கு இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வைட்டமின் கே' இருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்க.