மேடையில் பேஸ் கிடார்: ஆம்ப்பும் டி.ஐ. பாக்ஸும்

இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடாரின் நடையைத் தனியே பின்தொடர்ந்து கேட்டு, அந்த ஆசையிலேயே வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வீட்டில் வாசிக்கும்வரை சிக்கல் இல்லை. முதல் மேடை வாய்க்கும்போது, இருக்கிற பணத்துக்கு ஒரு ஆம்ப் வாங்குவதா, அல்லது டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) பாக்ஸ் ஒன்றை வாங்கி நேராக மிக்ஸரில் செருகிவிடுவதா என்ற கேள்வி எழுகிறது.

இரண்டும் ஒரே வேலையை வேறு வேறு விலையில் செய்கின்றன என்று எண்ணித்தான் பலரும் ஒப்பிடுகிறார்கள். உண்மையில் ஆம்ப், வாசிப்பவருக்கும் அவர் பக்கத்தில் நிற்கும் டிரம்மருக்கும் உரியது. டி.ஐ. பாக்ஸ், எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு உரியது. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டினால் கச்சேரி கெடும்.

வந்த வழி

லியோ ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. அதற்கென்றே செய்த பேஸ்மேன் ஆம்ப் அடுத்த ஆண்டு வந்தது. அன்றைய அரங்குகளில் ஒலிபெருக்கி என்றால் பாடுபவரின் குரலுக்குத்தான். வாத்தியங்கள் தத்தம் ஆம்ப்பை நம்பியே இருந்தன. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கும் அதிகமானோர் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோதுகூட, 100 வாட் வாக்ஸ் ஆம்ப்புகளோடுதான் நின்றார்கள். ரசிகர்களின் கூச்சலில் அவர்கள் இசை அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இதற்கு விடையாக ஆம்ப்புகள் பெருத்தன. 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி.யைக் கொண்டுவந்தது: 300 வாட், 14 வால்வுகள், எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய கேபினெட். கேபினெட்டிலிருந்து தனியாக இருக்கும் ஹெட்டைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அரங்கம் முழுவதற்கும் பேஸைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஆம்ப்பே சுமந்த காலம் அது.

அதே காலகட்டத்தில் டெட்ராய்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் ப்ரிசிஷன் பேஸை ஆம்ப் இல்லாமல் நேராகக் கன்சோலுக்குக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். கிளப்புகளில் வாசிக்கும்போது அவருக்கு ஆம்பெக் பி-15 ஆம்ப் தேவைப்பட்டது. இசைத்தட்டை வாங்கிக் கேட்பவருக்கு ஒரு வழி, கூட வாசிப்பவர்கள் நடுவே நிற்கும்போது இன்னொரு வழி. இன்றைய மேடையிலும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது.

ஒலி பயணம் செய்யும் விதம்

பேஸின் பிக்கப்பிலிருந்து வருவது மெலிந்த சிக்னல், ஹை இம்பீடன்ஸ் வகை. சாதாரண ஜாக் கேபிளில் ஆறேழு மீட்டர் தாண்டினால் மேல் ஒலிகள் மங்கும், மேடை விளக்குகளின் இரைச்சலும் ஒட்டிக்கொள்ளும். மிக்ஸரோ அரங்கின் மறுகோடியில் இருக்கிறது. டி.ஐ. பாக்ஸ் அந்தச் சிக்னலை லோ இம்பீடன்ஸாக்கி, பேலன்ஸ்டு கேபிளில் அனுப்புகிறது. அதில் இரண்டு கம்பிகள். வழியில் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால், மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. நூறு மீட்டர் ஓடினாலும் சிக்னல் சுத்தமாகப் போய்ச் சேரும்.

ஆம்ப்பின் ஒலி காற்றில் பயணம் செய்கிறது. அங்கே கட்டடம் குறுக்கே வருகிறது. தடித்த ஈ தந்தியை விரலால் அழுத்தாமல் மீட்டினால் வரும் ஒலி 41 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஆம்ப் பின்சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை எதிர்த்து அந்த ஒலியை விழுங்கும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் இந்தப் பள்ளம் மேல் ஸ்தாயி ஈயின் பக்கம் நகரும். சுவரை ஒட்டி வைத்தால் அடி ஒலி பருக்கும். ஒரே ஆம்ப், ஒரே குமிழ் நிலை, இடத்துக்கு இடம் வேறு சத்தம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடி ஒலி எல்லாத் திசையிலும் பரவும். மேல் ஒலி ஸ்பீக்கர் பார்க்கும் திசையில்தான் போகும். தரையில் வைத்த ஆம்ப்புக்கு முன்னால் நிற்பவரின் முழங்காலைத்தான் அந்த ஸ்பீக்கர் பார்க்கிறது. காதில் தெளிவு விழவில்லை என்று அவர் வால்யூமைக் கூட்டுகிறார். முன்வரிசைக்கு அது இடிக்கிறது, பாடுபவரின் மைக்கிலும் புகுந்து குரலைக் கலங்கடிக்கிறது. மிக்ஸரில் இருப்பவர் பேஸை முழுவதும் இறக்கினாலும் அரங்கில் சத்தம் குறையாது, ஏனென்றால் அது மேடையிலிருந்தே வருகிறது. மருந்து எளிது: ஆம்ப்பை நாற்காலி உயரத்துக்குத் தூக்குங்கள், அல்லது பின்னால் சாய்த்து வைத்துக் காதைப் பார்க்க விடுங்கள். பாதி வால்யூமே போதுமானதாகிவிடும்.

குமிழ் யார் கையில்?

ஆம்ப்பில் எல்லாம் வாசிப்பவர் கையில். பாட்டு மாறும்போது டிரெபிளைக் குறைக்கலாம், மண்டபம் முழங்கினால் லோ மிட்டை இறக்கலாம். டி.ஐ. வழியில் அரங்கில் கேட்பது மிக்ஸரில் இருப்பவரின் முடிவு. மானிட்டரில் எவ்வளவு பேஸ் வரும் என்பதும் அவர் தயவு. அது வராமல் போனால் வாசிப்பவர் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடுகிறார். சுருதி பிடிபடாது, டிரம்ஸின் கிக்கோடு சேரும் உறுதியும் போய்விடும். டிரம்மர்களும் பேஸ் ஆம்ப்பைத் தங்கள் பக்கத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டும் சந்திக்கும் இடம் ஆம்ப்பின் பின்பக்கம். பெரும்பாலான ஹெட்களில் டி.ஐ. அவுட் இருக்கும், அருகே ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சிறு சுவிட்ச். போஸ்டில் வைத்தால் நீங்கள் ஈக்யூவில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அரங்குக்கும் போகும். மேடையில் முழங்குகிறதென்று அடி ஒலியைக் குறைத்தால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டின் அடித்தளம் போய்விடும். ப்ரீயில் வைத்தால் மிக்ஸருக்கு மாறாத சிக்னல் போகும், ஆம்ப்பை உங்கள் காதுக்காக மட்டும் திருத்திக்கொள்ளலாம். டிஸ்டார்ஷன் போன்ற தனி நிறம் பாட்டுக்கே வேண்டுமென்றால் தவிர, ப்ரீதான் நல்லது.

சுமையும் செலவும்

எடை விஷயத்தில் இடைவெளி சுருங்கிவிட்டது. இன்றைய கிளாஸ் டி ஹெட்கள் 500 வாட் கொடுத்தும் இரண்டு மூன்று கிலோதான். நியோடிமியம் காந்தம் வந்தபின் ஒற்றை 12 அங்குலக் கேபினெட்டை ஒரு கையில் தூக்கலாம். ஆனாலும் மாடிப்படியும் ஆட்டோவும் நடுராத்திரித் திரும்பலும் கொண்ட வாழ்க்கையில், கிடார் பையின் ஜேபிக்குள் அடங்கும் டி.ஐ. பாக்ஸின் வசதியே தனி. வாங்கும்போது வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்காகத் தெரிய ஏறக்குறையப் பத்து மடங்கு சக்தி வேண்டும்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காக ஆம்ப்பின் பிளக்கில் எர்த் பின்னை ஒருபோதும் பிடுங்காதீர்கள். ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது மின்கசிவு உயிரைப் பறிக்கும்.

எங்கே எது?

இடத்துக்குப் போனதும், சவுண்ட் சர்வீஸ்காரர் சப் ஊஃபர் கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் டி.ஐ. அரங்கைப் பார்த்துக்கொள்ளும், ஆம்ப் உங்களைச் சுற்றி நான்கு பேருக்குக் கேட்டால் போதும். குரலுக்கான சிறு ஸ்பீக்கர்கள் மட்டும் இருந்தால் பேஸை அவற்றில் தள்ளாதீர்கள். அந்தப் பளுவில் குரல் பிசிறடிக்கும். அங்கே ஆம்ப்தான் அரங்குக்கும் பொறுப்பு. கான்கிரீட் சுவர்கள் சூழ்ந்த கல்யாண மண்டபத்தில் மேடைச் சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. திறந்தவெளித் திருவிழா மேடையில் அடி ஒலியைத் திருப்பியனுப்பச் சுவர் கிடையாது, காற்றில் கரைந்துவிடும். சப் ஊஃபர் இல்லாமல் எந்த ஆம்ப்பும் அங்கே கடைசி வரிசையை எட்டாது.

புதிதாக மேடையேறுபவருக்கு என் பரிந்துரை: முதலில் நல்ல டி.ஐ. பாக்ஸ். பேட்டரியோ பிரீஆம்ப்போ இல்லாத பேஸிவ் பேஸ் என்றால், மிக்ஸரின் 48 வோல்ட் பேன்டம் மின்சாரத்தில் ஓடும் ஆக்டிவ் டி.ஐ. பொருந்தும். நிகழ்ச்சிகள் தொடர்ந்து வரத் தொடங்கியபின், உங்களால் தனியாகத் தூக்க முடிகிற ஒரு ஆம்ப்.

இரண்டும் வந்தபின் சவுண்ட் செக்கில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பேஸை நண்பரிடம் கொடுத்து ஈ தந்தியிலிருந்து ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, அரங்கின் நடுவிலும் கடைசி வரிசையிலும் போய் நின்று கேளுங்கள். எந்தச் சுரம் முழங்குகிறது, எது காணாமல் போகிறது என்று அங்கேதான் தெரியும். முதலில் மிக்ஸரில் இருப்பவரோடு பேசி அதைச் சரிசெய்யுங்கள். மேடைக்குத் திரும்பி உங்கள் ஆம்ப்பின் குமிழைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.